தோப்பில் நிற்கும் இரண்டு ஜீப்: எதைப் பிரிப்பது, எதைக் காப்பது

கேள்வி சுருக்கமாக இது. கடலூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரையோரத் தோப்பில், பெரியப்பா விட்டுப்போன மகிந்திரா எம்.எம். 540 டீசல் ஜீப் ஒன்று சில வருஷமாக நிற்கிறது. 2024 ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் அச்சு முழுகி மூன்று நாள் நின்றது. அதற்கு உதிரிப் பாகம் ஆகட்டும் என்று பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் கிடந்த பழைய சிஜே3பி ஜீப் ஒன்றையும் ஆர்.சி. புத்தகத்தோடு இரும்பு விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார் தம்பி. "அண்ணா, இரண்டையும் வீட்டிலேயே பிரித்து ஒன்றை ஓட்டிவிடலாமா? எங்கே ஆரம்பிப்பது, எதை வைத்துக்கொள்வது, எதைக் காயலான் கடைக்குப் போடுவது?" என்று கேட்கிறார்.

முடியும் தம்பி. இந்தத் தலைமுறை ஜீப்புகள் வயல்வெளியில் வைத்துப் பிரிப்பதற்கென்றே செய்தது போல இருக்கும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது, மறைவாக ஒட்டிய பாகம் கிடையாது. நான் புதுச்சேரியில் வீட்டுக் கொட்டகையில் இருபது வருஷத்துக்கு மேலாக இவற்றைப் பிரித்தும் சேர்த்தும் வருகிறேன். பட்டறை வைத்துப் பிழைப்பவன் இல்லை, ஆசையால் கற்றவன். அதனால் வீட்டில் எது கைகூடும், எதை லேத்துக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது நன்றாகத் தெரியும்.

ஒன்றை முதலில் மனதில் வையுங்கள். நம் கடற்கரையில் ஜீப் ஓடி ஓடிச் சாவதில்லை. உப்புக்காற்றும் தேங்கிய தண்ணீரும்தான் அதைக் கொல்கின்றன. கோயம்புத்தூரில் பத்து வருஷம் நின்ற வண்டியும் கடலோரத் தேவனாம்பட்டினத்தில் மூன்று வருஷம் நின்ற வண்டியும் ஒரே நிலையில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நீங்கள் செய்யப்போகும் வேலையில் பாதி, துரு எதைத் தின்றது, எதை விட்டுவைத்தது என்று கண்டுபிடிப்பதுதான். மீதிப் பாதி, மிச்சம் இருப்பதை அடுத்த மழைக்குள் துருவிடமிருந்து காப்பது.

இன்றைக்கே ஒரு தவறைத் தவிர்த்துவிடுங்கள். புது பேட்டரி வாங்கி மாட்டி 540-ஐ ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்று கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் போதும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காப்பாற்றக்கூடிய எஞ்சின் ஒரு நொடியில் இரும்பு விலைக்குப் போய்விடும். 540-இல் இருப்பது பீஜோ என்ற பிரெஞ்சுக் கம்பெனி வழி வந்த எக்ஸ்.டி.பி. டீசல் எஞ்சின். அதில் சிலிண்டரைச் சூடேற்றும் குளோ பிளக் உண்டு. நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் டீசலும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஊறவிடுங்கள். அப்புறம் முன்பக்க கிராங்க் நட்டில் நீளமான பாக்ஸ் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக, முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தாலும் நல்ல செய்தி. அசைந்த அளவை முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் முழுச் சுற்றும் சுற்றிவிடும். நீளமான குழாய் மாட்டிப் பலம் காட்டக் கூடாது.

எஞ்சினைவிட அவசரம் அச்சுகளுக்கு. எஞ்சின் உயரத்தில் இருக்கிறது, வெள்ளம் அதைத் தொட்டிருக்காமலும் போகலாம். கிரவுன் பினியன் (ஷாஃப்டின் சுற்றலைச் சக்கரத்துக்குத் திருப்பும் பற்சக்கர ஜோடி; பெரியது கிரவுன், சின்னது பினியன்) இருக்கும் டிஃபரென்ஷியல் வீடு, அதாவது அச்சின் நடுவே உருண்டையாகத் தெரியும் இரும்புக் கூடு, இரண்டும் தண்ணீருக்குள் நின்றிருக்கின்றன. அந்த வீட்டுக்கு மேலே சின்னதாக ஒரு மூச்சுக்குழாய் இருக்கும், அது வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். எண்ணெய் மிதக்கும், தண்ணீர் அடியில் தங்கும். கிரவுன் வீலின் கீழ்ப் பற்கள் அந்தத் தண்ணீரில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

திறக்கும் முறை: எண்ணெய் ஊற்றும் மூடியை முதலில் திறந்து பாருங்கள், வடிக்கும் மூடியைத் தொடாதீர்கள். வடித்த பிறகு ஊற்றும் மூடி திறக்க வராவிட்டால் வண்டி எண்ணெயில்லாமல் நிற்கும். வடிகால் மூடி இல்லாத அச்சில், பின் கவர் போல்ட்டுகளை எல்லாம் தளர்த்தி, மேல் போல்ட் ஒன்றை மட்டும் மரையில் விட்டு, கவரின் அடிப்பக்கத்தைத் தட்டினால் வடியும். அடியில் பழைய பிளாஸ்டிக் பேசின் வையுங்கள். முதலில் கலங்கல் தண்ணீர் வரும். அப்புறம் பால் காப்பி நிறத்தில் ஒரு குழம்பு வரும். கடைசியாகத்தான் கறுப்பு எண்ணெய். காப்பி நிறம் கண்டால் பயப்பட வேண்டாம், எண்ணெயும் தண்ணீரும் கலந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். டீசல் விட்டுக் கழுவி, வடித்து, மறுபடி கழுவி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பற்களைத் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள்.

இங்கேதான் கண்ணும் நகமும் வேலை செய்ய வேண்டும். கிரவுன் வீலை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். எந்த இடம் வரை தண்ணீர் நின்றது என்பது ஒரு கோடாகத் தெரியும். கோட்டுக்கு மேலே பற்கள் வெள்ளி போல மின்னும், கீழே பழுப்பாக இருக்கும். பழுப்பு மேலாகப் படிந்த கறைதானா, அரித்த குழியா என்று பாருங்கள். விரல் நகத்தைப் பல்லின் முகத்தில் குறுக்காக இழுங்கள். வழுக்கிப் போனால் கறை, எண்ணெயில் ஓடினால் தானே தேய்ந்துவிடும். நகம் தடுக்கினால் குழி. அந்தப் பல் ஓடும்போது ஊளையிடும், கொஞ்ச நாளில் செதில் செதிலாகப் பெயரும். கூம்பு வடிவ ரோலர் பேரிங்குகளுக்கும் இதே சோதனை. ரோலர் உட்கார்ந்த இடத்தில் கறுப்பாக வரிவரியாகக் கோடு விழுந்து நகம் தட்டினால் பேரிங்கை யோசிக்காமல் மாற்றுங்கள். பேரிங் கிடைக்குமா என்று கவலை வேண்டாம். விளிம்பில் எண் பொறித்திருக்கும், அந்த எண்ணைக் காட்டினால் வண்டிப் பெயரே சொல்லாமல் எந்தப் பேரிங் கடையிலும் வாங்கலாம். பழைய பேரிங்கை எடுத்து எறியும் முன் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இரண்டில் எதைப் பிரிப்பது? நீங்கள் சிஜே3பி-யைத்தான் பலி கொடுப்பதாக முடிவுசெய்துவிட்டீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். அது வில்லிஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி வடிவமைத்தது. பானெட் மேடாக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். 2.2 லிட்டர், காற்று உள்ளே வரும் வால்வு மேலே ஹெட்டில், புகை வெளியேறும் வால்வு பக்கவாட்டில் பிளாக்கில். அதனால் எஞ்சின் உயரம் கூடியது, பானெட்டும் உயர்ந்தது. அமெரிக்காவில் 1953-இல் தொடங்கி 1968-இல் நின்றுபோன வண்டி, அதன் பிறகும் நம் நாட்டில் பல ஆண்டுகள் தயாரானது. முந்திரித் தோப்புச் செம்மண் மேட்டில் நின்ற வண்டி என்றால் உப்பு பட்டிருக்காது. உங்கள் 540-இன் சேசிஸ் சட்டகத்தைவிட அதன் சட்டகம் நன்றாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு வண்டி பழுதில்லாத சட்டகத்தோடும் காகிதத்தோடும் இருந்தால் அதை உதிரியாக்க எனக்கு மனம் வராது. பாகங்கள் திரும்பக் கிடைக்கும், சட்டகம் கிடைக்காது.

சட்டகத்தைச் சோதிக்கக் கூர்முனைச் சுத்தியல் ஒன்று போதும். பின் ஸ்பிரிங் தொங்கும் ஷேக்கிள் மாட்டிய இடம், பாடி உட்காரும் இடங்கள், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள் ஆகியவற்றில் அரைச் சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே இலை இலையாகத் துரு பெருத்திருக்கிறது. பெட்டி போல மூடிய பகுதிக்குள் மண் அடைந்திருந்தால் அந்த இடத்தைக் கட்டாயம் குத்திப் பாருங்கள், வெள்ளச் சேறு உள்ளே ஈரத்தை மாதக்கணக்கில் பிடித்துவைக்கும். பெயின்ட் பளபளப்பாக இருப்பதை நம்ப வேண்டாம். இரண்டு வண்டியையும் இப்படித் தட்டிவிட்டு எது கணீரென்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இது என் அபிப்பிராயம், பெரியப்பா வண்டி என்ற பாசம் வேறு கணக்கு, அதை நான் மறுக்க மாட்டேன்.

காகித விஷயமும் இந்த முடிவோடு சேர்ந்தது. சேசிஸ் எண் பொறித்த சட்டகம்தான் சட்டப்படி அந்த வண்டி. ஒன்றின் ஆர்.சி.யை மற்றதன் சட்டகத்துக்கு ஓட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எண்ணைச் சுரண்டுவது, மறுபடி பொறிப்பது எல்லாம் குற்றம். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். எத்தனை வருஷம் விட்டுப்போயிருக்கிறது, எவ்வளவு கட்டணமும் அபராதமும் சேர்ந்திருக்கிறது என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டுப் பிறகு ஸ்பேனரை எடுங்கள். எஞ்சினை மாற்றிப் போடுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன் அனுமதி வேண்டும், ஆர்.சி.யிலும் எஞ்சின் எண் மாற வேண்டும். பிரித்துவிடும் வண்டிக்கு, இனி ஓட்ட முடியாத நிலை ஆனதும் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது 55-ஆம் பிரிவு. 2021-இல் வந்த விதிகளின்படி பதிவுபெற்ற வாகன உடைப்பு மையங்களும் இருக்கின்றன. நீங்கள் வேண்டிய பாகங்களை எடுத்த பின் மிச்சச் சட்டகத்தை அங்கே கொடுத்துச் சான்றிதழ் வாங்குவது நல்லது. எந்த நிலையில் எடுத்துக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடலூர் டி.என். 31 வண்டியைப் புதுச்சேரியில் வைத்து 12 மாதத்துக்கு மேல் ஓட்டுவதென்றால் தடையில்லாச் சான்று வாங்கி அங்கே பதிவை மாற்ற வேண்டும் என்பதையும் எல்லையோரத்துக்காரர்கள் மறந்துவிடுகிறோம்.

இனி கீழே படுக்கும் முன் ஒன்று. இந்தத் தலைமுறை ஜீப்புகள் பலவற்றில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் சக்தியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி) பின்முனையில், அங்கிருந்து அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும் டிரம்மாக இருக்கும். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிய உடனே அந்தப் பிரேக் பயனில்லாமல் போகிறது, ஏனென்றால் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றிக்கொள்ள, வண்டி உருளும். இது தெரியாமல் கை பிரேக் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் படுக்கிறவர்கள் உண்டு. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நம் பக்கம் மணல் தரை, ஜாக்கி புதையும். அரை அங்குல இரும்புத் தகடு ஒன்றை அடியில் போடுங்கள். சட்டகத்தைத் தாங்க ஹாலோ பிளாக்கோ செங்கல்லோ வைக்கவே வைக்காதீர்கள், முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்டு இல்லாவிட்டால் வைரம் பாய்ந்த பனங்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். தோப்பில் கிடைக்காத பொருளா?

கருவிகள் பற்றி நீட்ட வேண்டாம். ஒன்றே ஒன்று: வில்லிஸ் வழிப் பாகங்களில் அங்குல மரை, பீஜோ வழி எஞ்சினில் மில்லிமீட்டர் மரை. ஒரே வண்டியில் இரண்டு செட் ஸ்பேனரும் வேண்டும். "கிட்டத்தட்டப் பொருந்துகிறது" என்று மில்லிமீட்டர் ஸ்பேனரை அங்குல நட்டில் போட்டால் முனை மழுங்கும், பிறகு உளிதான் வழி. துருப்பிடித்த நட்டுக்கு ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் போடுங்கள், பன்னிரண்டு முனை வழுக்கும்.

இறுகிய நட்டுக்கு அவசரமே எதிரி. கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, மூன்று நாள் காலையும் மாலையும் ஊறும் எண்ணெய் விடுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு சின்ன அசைவு, துருவின் பிடி உடைகிற 'டிக்' சத்தம் கேட்கும். அப்புறம் தளர்த்துங்கள். வராவிட்டால் நட்டை மட்டும் ஊதுவிளக்கால் சூடாக்கி, சூட்டோடு மெழுகுவத்தியை மரை ஓரத்தில் தொடுங்கள், மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், ரப்பர் புஷ் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது. இன்னொன்று: பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரையாக இருக்கும், மற்றப் பக்கத்துக்கு எதிராகத் திருப்ப வேண்டும். போல்ட் முனையில் 'எல்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இது தெரியாமல் நான்கு பேர் சேர்ந்து இறுக்கியே போல்ட்டை முறித்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

பின் அச்சுமுனை கூம்பாக இருந்து, ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) அதில் சாவி என்ற சின்ன இரும்புத் துண்டோடு இறுகி உட்கார்ந்த வகையாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதைக் கழற்ற, பிடித்து வெளியே இழுக்கும் நல்ல புல்லர் வேண்டும். நடு நட்டை முழுவதும் எடுத்துவிடாதீர்கள், நாலைந்து மரை உள்ளே இருக்கட்டும். புல்லரை இறுக்கிக்கொண்டே போனால் கூம்பு விடுபடும் நேரத்தில் துப்பாக்கி போலச் சத்தம் வரும். நட்டு இல்லாவிட்டால் ஹப் பறந்து வந்து நெஞ்சில் அடிக்கும்.

இப்போது இரண்டு வண்டிக்கும் இடையே எது பொருந்தும் என்பது. சக்கரத்தின் ஐந்து துளை வட்டம் இரண்டிலும் 5.5 அங்குலம்தான், அதாவது 139.7 மில்லிமீட்டர். மாருதி ஜிப்சிக்கும் அதே வட்டம்தான். ஆனாலும் நடுத்துளையும் ரிம்மின் உள்வாங்கலும் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பார்க்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட் அப்படியே பொருந்தாது. சிஜே3பி-யின் முன் பின் அச்சு இடைவெளி 80 அங்குலம், 540 அதைவிட நீளம். ஷாஃப்டை நீட்டி வெல்ட் செய்வது வீட்டு வேலை அல்ல, சமநிலை பார்க்கும் இயந்திரம் உள்ள லேத்துக்குக் கொடுங்கள்.

முழு அச்சையே மாற்றிப் போடலாம் என்றால் பல் விகிதத்தை எண்ணாமல் செய்யாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இல்லாவிட்டால், நான்கு சக்கர ஓட்டத்தில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து டிரான்ஸ்ஃபர் கேஸை உடைக்கும். எண்ணும் வழி எளிது. கியர் நியூட்ரலில், கை பிரேக்கை விட்டு, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்குங்கள். டயரிலும் ஷாஃப்டிலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றிக்கொண்டே, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று ஒருவர் எண்ண வேண்டும். ஒரு பக்கம் நிற்கும்போது இன்னொரு சக்கரத்தின் இரண்டு சுற்றுதான் கிரவுன் வீலின் ஒரு சுற்று. ஐந்து சுற்றும், மேலே மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவும் வந்தால் அது 43-க்கு 8 பல், 5.38 விகிதம். பழைய பெட்ரோல் ஜீப்பில் பார்க்கக்கூடிய விகிதம் அது. நான்கு அச்சுக்கும் எண்ணி நோட்டில் எழுதுங்கள்.

கிரவுனும் பினியனும் தாலி கட்டிய ஜோடி மாதிரி. தொழிற்சாலையில் இரண்டையும் சேர்த்து ஓட்டித் தேய்த்துப் பொருத்தி ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஒன்றின் கிரவுனை மற்றதன் பினியனோடு சேர்த்தால் ஊளையும் உடைப்பும்தான் மிச்சம். அதேபோல டிஃபரென்ஷியல் பேரிங் மூடி, எஞ்சினில் கிராங்க் மூடி, கனெக்டிங் ராடு மூடி எல்லாம் அதனதன் இடத்தில் அதனதன் திசையில்தான் போக வேண்டும். இடது வலது, முன் பின் என்று சென்டர் பஞ்ச்சால் புள்ளி குத்திக்கொள்ளுங்கள். மெல்லிய தகடு ஷிம்களைக் கம்பியில் கோர்த்து எந்தப் பக்கம் என்று எழுதிக் கட்டுங்கள். அவை தொலைந்தால் நூறு ரூபாய்த் தகடுக்காக ஒரு மாதம் நிற்கும்.

எதை வைத்துக்கொள்வது என்றால் வார்ப்பு இரும்பும் பல்லும் முதலில். அச்சு வீடுகள், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ், ஸ்டியரிங் பெட்டி, பிரேக் டிரம், ஹப், ஃப்ளைவீல், வில்லிஸ் எஞ்சினின் கிராங்க், மேனிஃபோல்ட். முன்பக்கத் தகடுகள், கிரில், கண்ணாடிச் சட்டம், மீட்டர்கள், பழைய சுவிட்சுகள் எல்லாம் சின்னதாகத் தெரிந்தாலும் பின்னால் அலைந்தாலும் கிடைக்காதவை. செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் தண்ணீரில் நின்றிருந்தாலும் சுற்றுக்கம்பி கருகாமல் இருந்தால் மறுபடி கட்டித் தருவார்கள். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் லேத்து, கிரைண்டிங் வேலைக்கு ஆள் கிடைக்கும். மீதிக்குச் சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு நாள் போய்வாருங்கள், பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பாகம் வாங்கும்போது, எஞ்சின் என்றால் எண்ணோடு ரசீது கேளுங்கள். திருட்டு வண்டிப் பாகம் வீட்டுக்குள் வந்தால் தலைவலி உங்களுக்குத்தான்.

எதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் நான் கறார். பிரேக் ஹோஸ், பிரேக் குழாய், வீல் சிலிண்டர் ரப்பர், எரிபொருள் ஹோஸ், சீட் பெல்ட் இருந்தால் அது, எல்லா ஆயில் சீலும், பழைய டயரும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று சேர்க்காதீர்கள். பழைய ஜீப்புகளில் பிரேக் ஒரே சுற்றாக இருக்கும். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். துருவேறிய குழாயை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கிப் போடுவது உயிரோடு விளையாடுவது. ஸ்டியரிங் கை, டை ராடு இவற்றில் விரிசல் கண்டால் வெல்டிங் வேண்டாம், தூக்கிப் போடுங்கள். சிஜே3பி-யை ஓட்டப்போகிறீர்கள் என்றால் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டேங்கைக் காலி செய்யுங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். தடம் எவ்வளவு ஆழம் என்பதைவிட அந்த எண் முக்கியம்.

டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள். பெட்ரோல் டேங்க்கை வீட்டில் வெல்ட் செய்யவே கூடாது. காலியான டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி.

இனி துரு எடுக்கும் வேலை. வீட்டில் செய்ய முடிந்த மிக நல்ல வழி மின்சாரத் தொட்டி. நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டி, தண்ணீர் ஊற்றி, ஐந்து லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரையுங்கள். உப்பு போடக் கூடாது, குளோரின் வாயு வரும். துருப்பிடித்த பாகத்தைக் கம்பியில் தொங்கவிட்டு அதில் பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ். தொட்டி ஓரமாக நிறுத்திய வேண்டாத இரும்புத் தகட்டில் பாசிட்டிவ். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மாற்றி மாட்டினால் உங்கள் பாகம் கரையும். தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது, தண்ணீர் விஷமாகும். நுரை நுரையாகக் குமிழி வரும், அது ஹைட்ரஜன். திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது, கை விடும் முன் சார்ஜரை நிறுத்துங்கள். மறுநாள் எடுத்தால் பழுப்புத் துரு கறுப்பு மாவாக மாறியிருக்கும், பிரஷ்ஷால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நல்ல இரும்பை இது தொடாது என்பதுதான் இதன் அழகு. அலுமினியம், பித்தளை போடக் கூடாது. ஸ்பிரிங், பேரிங், கடினப்படுத்திய பற்சக்கரம் இவற்றையும் போடாதீர்கள், ஹைட்ரஜன் உள்ளே ஏறி எஃகு நொறுங்கும் தன்மை பெறலாம். சின்ன போல்ட், கிளிப்புகளுக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பைக் கரைத்து ஓர் இரவு ஊறவைத்தாலே போதும்.

கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் கொட்டகைக்குள் கொண்டுவராதீர்கள். நான் செய்திருக்கிறேன். ஒரு மழைக்காலத்தில் நாலு ஷேக்கிள் துருவை எடுக்க ஒரு வாளியில் ஆசிட் ஊற்றி மூடாமல் மூலையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். எதிர் மூலையில், கழுவித் துடைத்து எண்ணெய் பூசாமல் பலகையில் வைத்திருந்த ஒரு கிரவுன் வீல். காலையில் கதவைத் திறந்தால் அந்தக் கிரவுன் வீல் முழுதும் மஞ்சள் தூள் தூவியது போல இருந்தது. தொட்ட விரலில் அப்படியே ஒட்டியது. ஆசிட்டின் ஆவி அறை முழுக்கப் பரவி, திறந்திருந்த எஃகு அத்தனையையும் தொட்டிருந்தது. ஸ்பேனர்கள், வைஸ், சுவரில் தொங்கிய ரம்பம் உட்பட. கிரவுன் வீலின் பற்களில் நகம் தடுக்கியது. அந்த ஜோடியை இன்னும் வைத்திருக்கிறேன், ஓட்டுவதற்கு அல்ல, யாராவது ஆசிட் வாளியோடு வந்தால் காட்டுவதற்கு.

சுத்தம் செய்ததை வைக்கும் முறையும் நம் ஊருக்குத் தனி. எண்ணெய் பூசினால் போதும் என்று நினைக்கிறார்கள். உப்பு இருக்கும்போதே பூசிய எண்ணெய்க்கு அடியில் துரு தொடர்ந்து தின்னும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பிடித்துவைத்த மழைத்தண்ணீர். பிறகு வெயிலில் கை பொறுக்காத சூடு வரும்வரை காயவிட்டு, அந்தச் சூட்டோடு கியர் ஆயில் பூசினால் மூலைமுடுக்கெல்லாம் போகும். பற்சக்கரத்துக்கும் ஷாஃப்ட் முனைக்கும் கிரீஸ் தடவி எண்ணெய்த்தாளில் சுற்றுங்கள். சாக்கில் கட்டாதீர்கள், உமிக்குள் புதைக்காதீர்கள், இரண்டும் ஈரம் இழுக்கும். சிமென்ட் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல். மழைக்கு முன்னும் மார்கழிப் பனி முடிந்த பிறகும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்தபோது என் கொட்டகைக் கூரை போனது. கிரீஸ் தடவிச் சுற்றி வைத்திருந்த பற்சக்கரங்கள் பிழைத்தன. சும்மா வைத்திருந்தவை பிழைக்கவில்லை.

சின்னச் சாமான்களுக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒரு டப்பாவில் ஒரு வேலைக்கான போல்ட்டுகள் மட்டும், உள்ளே ஒரு சீட்டு: "540, முன் இடது ஹப், 12-ஆம் தேதி". கழற்றும் முன்னும் கழற்றிய பின்னும் கைப்பேசியில் படம். ஒயரிங்கை வெட்டி எடுக்காதீர்கள், ஒவ்வொரு முனையிலும் துணி டேப் சுற்றி எண் எழுதி முழுக்கட்டாக உருவுங்கள்.

வடித்த எண்ணெயைத் தோப்பு மண்ணில் விடாதீர்கள் தம்பி. உங்கள் கிணறும் தென்பெண்ணையும் அங்கேயே இருக்கின்றன. கேனில் சேர்த்துப் பழைய ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள், பேட்டரியை விற்பனைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

மறுபடி எண்ணெய் நிரப்பும்போது டிஃபரென்ஷியலுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஒரே எண்ணெய் என்று கடைக்காரர் ஒரே கேனைக் கொடுப்பார். அச்சுக்கு ஜி.எல்.5 (கியர் ஆயிலின் தரக்குறியீடு) சரி. கியர் பாக்ஸில் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ வளையம் இருந்தால் கையேட்டில் சொன்ன ஜி.எல்.4 வகையை வாங்குங்கள், ஜி.எல்.5-இல் உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளையை அரிக்கக்கூடும். மூச்சுக்குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அடைந்திருந்தால், சூடான அச்சு தண்ணீரில் இறங்கும்போது சுருங்கும் காற்று சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். அதில் ஒரு ரப்பர் குழாய் மாட்டிப் பாடிக்குள் உயரத்தில் ஏற்றிவிட்டால் அடுத்த வெள்ளத்துக்கு அரை மருந்து.

540 எஞ்சின் முதல்முறை கிளம்பும் நாளில் காற்று வடிகட்டிக் குழாயைக் கழற்றி வைத்து, அதன் வாயை அடைக்கும் அளவுக்குத் தட்டையான பலகை ஒன்றோடு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். பல காலம் நின்ற டீசல் பம்ப் சிக்கிக்கொண்டால் வேகம் தானாக ஏறும், சாவியால் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும்.

இந்த ஞாயிறு நான்கு அச்சின் விகிதத்தையும் எண்ணி, இரண்டு சட்டகத்தையும் தட்டிப் பார்த்து, 540-இன் இரண்டு டிஃபரென்ஷியலையும் திறந்து கழுவிவிடுங்கள். எண்களையும் கிரவுன் பற்களின் படத்தையும் அனுப்புங்கள், எந்த அச்சை எதில் வைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.